நுண்ணோக்கித் திரையில் மெய்யுருவும் பொய்யுருவும்

கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடந்த பால்மரக் காடுகள் இன்று பெருமளவில் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. எனினும், ஒரு சொட்டு ரப்பர்ப் பால் வேண்டுமென்றால் அஃது இன்னும் கிடைத்தற்கரிய பொருளன்று. அச்சொட்டை ஒரு குவளை நீரிலிட்டுக் கலக்கி, அந்நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, மெல்லிய மூடுகண்ணாடியால் மூடி நுண்ணோக்கியின்கீழ் வைக்க வேண்டும். கண்ணருகு வில்லையை எடுத்துவிட்டு, அக்குழாயில் ஒரு சிறு காமிராவைச் செருகிக் கணினித் திரையோடு இணைத்துவிட்டால், முன்பு ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்த காட்சியை வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் காணலாம்.

திரையில் என்ன தெரிகின்றது? எண்ணற்ற நுண்மணிகள் ஓயாது துடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மணியைச் சுற்றியும் ஒரு கருவளையம். இடையிடையே வட்டமான சில கறைகள்; வலப்புறத்தில் மயிரிழை போன்ற ஒரு கோடு; குறுக்கே மெல்ல ஊர்ந்து செல்லும் கரும்பட்டைகள்; நான்கு மூலைகளிலும் இருள்; எங்கும் ஒரு மஞ்சள் நிறம். மாணவன் இவை அனைத்தையும் உண்மையோடு வரைந்து, மேலே “ரப்பர்ப் பால்” என்று தலைப்பிடுகின்றான்.

கண்டதை வரைந்தான், அதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அவன் வரைந்தவற்றுள் பாலுக்கு உரியவை அந்த மணிகளும் அவற்றின் துடிப்பும் மட்டுமே. ஏனையவை விளக்கும், வில்லையும், காமிராவும், காற்றிலுள்ள தூசியும் சேர்ந்து உண்டாக்கியவை. பொருளில் இல்லாததாய்க் கருவியினால் தோன்றும் இத்தகைய உருவைப் பொய்யுரு என்று கூறலாம். மெய்யுருவையும் பொய்யுருவையும் பிரித்தறியும் முறை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அறிஞரும் மயங்கிய கதை

பொய்யுருவால் மயங்கியவர் மாணவர் மட்டும் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர், தசை, நரம்பு முதலிய உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவுள்ள சிறு உருண்டைகளால் ஆனவை என்று எழுதி வந்தனர். அவர்கள் கண்ட உருண்டைகள் உடலில் இருந்தவை அல்ல. அக்காலத்து வில்லைகளின் குறையால் தோன்றியவை. லிஸ்டர் என்பார் குறை நீக்கிய வில்லைகளை அமைத்து, மருத்துவர் ஹாட்ஜ்கினுடன் சேர்ந்து அதே பொருள்களை 1827இல் ஆராய்ந்தபோது உருண்டைகள் மறைந்தன. தசையில் வரிகளும் இழைகளுமே தெரிந்தன.

அதே 1827இல் தாவரவியலறிஞர் இராபர்ட் பிரௌன், மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாது அசைவதைக் கண்டார். அது உயிரின் அசைவோ என்ற ஐயம் எழுந்தது. அவர் அந்த ஐயத்தோடு நின்றுவிடவில்லை. உயிரற்ற கண்ணாடியைப் பொடித்து நீரிலிட்டார். கற்களையும், எகிப்து நாட்டு ஸ்பிங்க்ஸ் சிலையின் ஒரு துணுக்கையும் பொடித்துப் பார்த்தார். எல்லாத் துகள்களும் அவ்வாறே அசைந்தன. ஆகவே அசைவு உயிருக்கு உரியதன்று என்று தெளிந்தார். ஒன்றை மாற்றிப் பார்த்து, மாறாமல் நிற்பது எது என்று காண்பதே அவர் கையாண்ட வழி. இக்கட்டுரையில் பின்னர் வரும் சோதனைகள் அனைத்தும் அவ்வழியைச் சார்ந்தவையே.

ரப்பர்ப் பாலுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1905இல் ஐன்ஸ்டைன், இத்துகள்கள் எவ்வளவு காலத்தில் எவ்வளவு தொலைவு நகரும் என்பதற்கு ஒரு வாய்பாடு வகுத்தார். நீரின் மூலக்கூறுகள் இடைவிடாது மோதுவதால் இவ்வசைவு உண்டாகின்றது என்பது அதன் அடிப்படை. 1908இல் பாரிசில் விக்தர் ஆன்றி என்பார் நுண்ணோக்கியோடு அசையும் படக் காமிராவைப் பொருத்தி, ரப்பர்ப் பாலின் மணிகளைப் படமெடுத்து அளந்தார். அவர் பெற்ற அளவுகள் வாய்பாடு கூறியதைவிட மிகுதியாக இருந்தன. காமிராவே சான்று கூறும்போது வாய்பாடு பிழையோ என்று சிலர் எண்ணினர். ஆனால் ழான் பெரென் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும், மக்கி என்னும் மஞ்சள் பிசினின் உருண்டைகளை அளவு பார்த்துப் பிரித்தெடுத்துப் பொறுமையுடன் அளந்தபோது, வாய்பாடு சரியென்று விளங்கிற்று. அணு, மூலக்கூறு ஆகியவற்றின் உண்மையை உலகம் ஒப்புக்கொள்ள இவ்வளவைகள் பெரிதும் துணை நின்றன. பெரென் 1926இல் நோபல் பரிசு பெற்றார். படம் பிடித்துவிட்டதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒளி செல்லும் வழி

பொய்யுருவைத் தேடுமுன் ஒளி செல்லும் வழியை அறிதல் வேண்டும். அடியிலுள்ள விளக்கிலிருந்து புறப்படும் ஒளி, முதலில் குவிப்பியை அடைகின்றது. அது குவித்துக் கொடுக்கும் ஒளி, கண்ணாடித் தகட்டிலுள்ள பொருளின் ஊடே செல்கின்றது. பின்பு பொருளருகு வில்லையைக் கடந்து, குழாயின் வழியே மேலேறிக் காமிராவை அடைகின்றது. காமிராவின் உள்ளே ஒளியை மின்குறியாக மாற்றும் உணரி என்னும் சிறு தகடு உள்ளது. விளக்கு, குவிப்பி, கண்ணாடித் தகடு, பொருளருகு வில்லை, காமிரா என்னும் இவ்வைந்தும் ஒரு தொடர்வண்டிப் பாதையின் ஐந்து நிலையங்கள் போன்றவை. கறை எந்த நிலையத்தில் ஏறிற்று என்று கண்டுவிட்டால் அதனை இறக்கிவிடுதல் எளிது.

இதற்குரிய விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அசைக்க வேண்டும். பலர் கறையைக் கண்டவுடன் துணியை எடுத்து எல்லாவற்றையும் துடைக்கத் தொடங்குகின்றனர். அதனால் கறை போனாலும் அது எங்கிருந்தது என்பது தெரியாது; துடைத்த துணியால் வில்லையில் புதிய கீறல் விழுதலும் உண்டு.

முதற்சோதனை: கண்ணாடித் தகட்டை மெல்ல நகர்த்துக. கறையும் உடன் நகர்ந்தால் அது தகட்டிலோ மூடுகண்ணாடியிலோ உள்ளது. அப்பொழுது நுண்திருகைச் சிறிது ஏற்றி இறக்கிப் பார்த்தால், கறை மணிகளோடு ஒரே தளத்தில் தெளிவாகின்றதா, மேலே வேறொரு தளத்தில் தெளிவாகின்றதா என்பது விளங்கும். மேலே தெளிவானால் அது மூடுகண்ணாடியின்மேல் விழுந்த தூசி.

இரண்டாம் சோதனை: தகட்டை நகர்த்தியும் கறை நகரவில்லையானால், தகட்டைத் தொடாமல் காமிராவை மட்டும் அதன் குழாயில் கால்வட்டம் திருப்புக. திரையில் மணிகள் எல்லாம் சுழலும். கறை மட்டும் சுழலாது திரையில் தன் இடத்திலேயே நின்றால், அது காமிராவில், உணரியை மூடியுள்ள கண்ணாடியிலோ காமிராவின் சொந்த வில்லையிலோ இருக்கின்றது. மணிகளோடு கறையும் சுழன்றால், அது காமிராவுக்குக் கீழே உள்ளது.

மூன்றாம் சோதனை: கீழே உள்ளதென்று தெரிந்தபின் குவிப்பியைச் சிறிது ஏற்றி இறக்குக. கறை தெளிந்தும் மங்கியும் அளவு மாறியும் தோன்றினால், அது குவிப்பியிலோ விளக்கின் கண்ணாடியிலோ படிந்த தூசி.

நான்காம் சோதனை: பொருளருகு வில்லையை மாற்றுக. அவ்வில்லையில் உள்ள அழுக்கு தனிக் கறையாகத் தோன்றுவது அரிது; படம் முழுவதும் பனி மூடியதுபோல் மங்குவதே அதன் அடையாளம். ஒரு வில்லையில் மங்கலாயும் மற்றொன்றில் தெளிவாயும் இருந்தால் குறை முன்னதில் உள்ளது. எண்ணெயிட்டுப் பார்க்கும் 100 மடங்கு வில்லையைப் பயன்படுத்தியபின், எண்ணெயைத் துடைக்காமல் 40 மடங்கு வில்லையைத் திருப்பிவிடுவதே இம்மங்கலுக்குப் பெரும்பாலும் காரணமாகும். தகட்டைத் தலைகீழாக வைத்துவிட்டாலும் 40 மடங்கு வில்லையில் படம் தெளிவுறாது. ஏனெனில், அவ்வில்லை 0.17 மில்லிமீட்டர் பருமனுள்ள மூடுகண்ணாடிக்கென்றே கணக்கிட்டு அமைக்கப்பட்டது.

ஐந்தாம் சோதனை: விளக்கை அணைத்து, காமிராவுக்குள் ஒளி புகாமல் மூடிவிடுக. இருண்ட திரையிலும் சிவப்பாகவோ நீலமாகவோ சில புள்ளிகள் மின்னிக்கொண்டிருந்தால் அவை உணரியின் குறைப்புள்ளிகள். அவற்றைத் துடைத்து நீக்க முடியாது. காமிரா சூடேறும்போதும், ஒளிபெறும் நேரத்தை நீட்டும்போதும் அவை மிகும். அவை இன்ன இடத்தில் உள்ளன என்று குறித்து வைத்துக்கொள்வதே தக்க வழி.

வளையம் எங்கிருந்து வந்தது?

இனி மணியைச் சுற்றியுள்ள கருவளையத்தை நோக்குவோம். இது தகட்டோடு நகரும்; காமிராவோடு திரும்பும்; எல்லாச் சோதனையிலும் மணியை விட்டு நீங்காது. ஆகவே மெய்யென்றே தோன்றும். மாணவர் பலர் இதனை மணியின் தோல் என்று எழுதுவர்.

ஒளி ஓர் அலை. பொருளின் ஓரத்தில் பட்ட ஒளி வளைந்து பரவி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒளியும் இருளுமான வளையங்களை உண்டாக்கும். அன்றியும் ரப்பரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52, நீரினுடையது 1.33. இவ்வேறுபாட்டால் ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி வில்லைபோல் ஒளியைத் திருப்புகின்றது. நுண்திருகை ஏற்றினால் மணியின் நடு ஒளிர்ந்து ஓரம் கறுக்கும். இறக்கினால் நடு கறுத்து ஓரம் ஒளிரும். தோலாயின் இவ்வாறு நிறம் மாறி விளையாடாது. குவிப்பியின் அடியிலுள்ள இதழ்த்திரையை மிகவும் சுருக்கினால் வளையங்கள் பெருகும், விரித்தால் குறையும். படம் பளிச்சென்று தெரியவேண்டும் என்று இதழ்த்திரையைச் சுருக்கிவிடும் பழக்கம் நம் ஆய்வுக்கூடங்களில் மிகுதி. சுருக்கியவர் பளிச்சென்ற பொய்யையே பெறுகின்றார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ரப்பர் மணிக்கு உண்மையாகவே ஒரு மேலுறை இருக்கின்றது. அது புரதமும் கொழுப்புப் பொருள்களும் சேர்ந்தது. ஆனால் ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்ட இயலாது. இவ்வெல்லையை 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்துக் காட்டினார். மேலுறையின் பருமனோ அவ்வெல்லைக்கு மிகவும் கீழானது. எனவே திரையில் தெரியும் வளையம் அந்த உறை அன்று. மாணவன் எழுதிய “தோல் உண்டு” என்னும் விடை சரியாயிருக்கலாம். அவன் காட்டும் சான்று தவறு. விடைக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்துச் சான்றைக் கேளாமல் விடுவோமாயின், பொய்யுருவுக்கே மதிப்பெண் கொடுத்தவர் ஆவோம்.

இருளும் பட்டையும் நிறமும்

மூலைகளில் தோன்றும் இருளுக்குப் பெரும்பாலும் காரணம், குவிப்பி நடுவில் அமையாமல் விலகியிருப்பதே. இதனைச் சீர்செய்யும் முறையை ஆகஸ்ட் கோலர் என்பார் 1893இல் வெளியிட்டார். முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பின்பு விளக்கின் வாயிலுள்ள இதழ்த்திரையைச் சுருக்கி, அதன் விளிம்பு தெளிவாகத் தெரியும்வரை குவிப்பியை ஏற்றி இறக்க வேண்டும். அவ்விளிம்பைத் திருகுகளால் நடுவிற்குக் கொணர்ந்து, காட்சிப் பரப்பைவிட்டு மறையும்வரை விரித்துவிட வேண்டும். இறுதியாகக் குவிப்பியின் இதழ்த்திரையை, வில்லையின் திறப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிரம்புமாறு வைக்க வேண்டும். எளிய பள்ளி நுண்ணோக்கிகளில் விளக்குக்கு இதழ்த்திரை இராது. அப்பொழுது ஒரு பென்சில் முனையை விளக்கின் கண்ணாடிமீது வைத்து, அம்முனை திரையில் தெளிவாகும்வரை குவிப்பியைச் சரிசெய்தால் போதும். இவ்வளவும் செய்தபின்னும் மூலை இருண்டிருந்தால், காமிராவை இணைக்கும் இடைக்குழாய் உணரியின் அளவுக்குப் பொருந்தாதது என்று கொள்க.

குறுக்கே ஊரும் கரும்பட்டைகள் மின்விளக்கின் வேலை. மலேசியாவில் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை சுழல்கின்றது. அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து ஒளிர்கின்றன. கண் அதனை உணராது, காமிரா உணர்ந்துவிடும். பெரும்பாலான காமிராக்களின் உணரி, படம் முழுவதையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. வரி வரியாக எடுக்கின்றது. இருட்டோடு பால்மரம் சீவத் தொடங்கியவர் நிரையின் கடைசி மரத்துக்கு வரும்பொழுது விடிந்துவிடுவதுபோல, உணரி முதல் வரியை எடுக்கும்போது இருந்த ஒளி கடைசி வரிக்கு வரும்போது மாறிவிடுகின்றது. அந்த மாற்றமே பட்டையாகத் தோன்றுகின்றது. ஒளிபெறும் நேரத்தை நொடியில் 100இல் ஒரு பங்கு, 50இல் ஒரு பங்கு, 25இல் ஒரு பங்கு என்றவாறு அமைத்தால், ஒவ்வொரு வரிக்கும் ஒரே அளவு ஒளி கிடைத்துப் பட்டை மறையும். விளக்கின் ஒளியைக் குறைத்து வைக்கும்போது மட்டும் பட்டை தோன்றினால், விளக்கை முழு ஒளியில் வைத்து, ஒளிபெறும் நேரத்தைக் குறைத்துக்கொள்க.

மஞ்சள் நிறம், காமிராவுக்கு வெண்மை இன்னதென்று சொல்லிக் கொடுக்காததால் வருவது. தகட்டில் பொருளில்லாத ஒரு வெற்றிடத்தைக் காட்டி, இதுவே வெண்மை என்று மென்பொருளில் ஒருமுறை அமைத்துவிட்டால் நிறங்கள் தம் இயல்புக்கு வரும்.

அசைவிலும் பொய்யுண்டு. மணிகள் எல்லாம் ஒரே திசையில் சென்றால் அது பிரௌன் கண்ட அசைவன்று. துளியின் ஓரம் உலர்வதால் உண்டாகும் நீரோட்டம். மூடுகண்ணாடியின் ஓரத்தை வாசலீனால் அடைத்தால் அது நிற்கும். எல்லா மணிகளும் ஒரே கணத்தில் குலுங்கினால் மேசை ஆடுகின்றது. ஒவ்வொரு மணியும் அண்டை மணியைப் பொருட்படுத்தாமல் தன்போக்கில் தடுமாறினால் மட்டுமே அது மெய்யசைவு. ஒளிபெறும் நேரம் மிகுந்தால் உருண்டை மணியும் இழுபட்டு நீண்டதாய்த் தோன்றும். அசையும் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும்போது சிற்றசைவுகள் அழிந்து, சில மணிகள் உறைந்து நிற்பதுபோலவும் தோன்றும்.

உயிரோடு தொடர்புடைய தெளிவு

இவையெல்லாம் வகுப்பறை நுட்பங்கள்தாமே என்று எண்ணுவோர் இருக்கலாம். தோட்டத்து மக்களின் வரலாறு அவ்வாறு எண்ண விடாது. காடழித்துப் பால்மரம் நட்ட தொடக்கக் காலத்தில், மலாயாத் தோட்டங்களில் குளிர்காய்ச்சலுக்கு இரையான தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். கிள்ளானில் 1901இல் மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் அமைத்துக் கொசுவை ஒடுக்கும் பணியைத் தொடங்கியது இத்துயரத்தின் நடுவேதான். விரல்நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதியைத் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தே அந்நோய் இன்னதென்று முடிவு செய்யப்பட்டது. குருதித் தகட்டில் பொய்யுரு தோன்றினால், நோயில்லாதவர் மருந்துண்பார். மெய்யுரு தப்பினால் நோயுள்ளவர் மருந்தின்றி மடிவார்.

கீம்சா என்னும் சாயத்தின் படிவு சிவப்பணுவின்மேல் விழுந்தால் ஒட்டுண்ணிபோலவே தோன்றும். குருதித் தட்டு ஒன்று சிவப்பணுவின்மேல் அமர்ந்தாலும் அவ்வாறே மயக்கும். இங்கும் நுண்திருகே துணை: படிவு அணுவுக்கு மேலே வேறு தளத்தில் தெளிவாகும், ஒட்டுண்ணி அணுவின் உள்ளே அதே தளத்தில் தெளிவாகும். தகட்டை நிலைப்படுத்தும் மெத்தனால் நம் நாட்டு ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சிவப்பணுக்களில் பூச்சி அரித்தது போன்ற பளபளப்பான குழிகள் தோன்றும். சாயத்தை வடிகட்டுவதும் மெத்தனாலை இறுக மூடி வைப்பதும் சிறு செயல்கள் போலத் தோன்றினும், அவற்றின் பயன் பெரிது.

கொசுவின் உடலில் இந்நோயின் கிருமியை முதன்முதல் கண்ட ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் அதனைக் கண்டபோது, அவருடைய நுண்ணோக்கியின் திருகுகள் வியர்வையால் துருப்பிடித்திருந்தன. கண்ணருகு வில்லை விரிசல் கண்டிருந்தது. கொசுவின் இரைப்பைச் சுவரில் கரிய துகள்களைக் கொண்ட சில உருண்டைகள் தெரிந்தன. அவை மெய்யோ, பழுதான கருவியின் பொய்யோ? மறுநாள் அதே நோயாளியின் குருதியை உண்ட கொசுக்களில் எஞ்சியிருந்த ஒன்றை அறுத்துப் பார்த்தார். உருண்டைகள் பெரியனவாக வளர்ந்திருந்தன. வில்லையின் விரிசலும் தூசியும் ஒரே இரவில் வளரா. கருவி பழுதாயிருந்தும் சோதனை சரியாக இருந்ததால் உண்மை வெளிப்பட்டது.

கருவி பழுதற்றிருந்தும் உண்மை தப்புவதும் உண்டு. சரவாக்கின் காப்பிட் பகுதியில் குளிர்காய்ச்சல் நோயாளிகளின் குருதியில் கண்ட ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் “மலேரியே” என்னும் வகை என்றே கொண்டனர். பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவர் குழுவினரும் 208 நோயாளிகளின் குருதியை மரபணு முறையால் சோதித்து, அவர்களில் 120 பேரிடம் இருந்தது குரங்குகளிடமிருந்து பரவும் “நோலசி” என்னும் வேறு வகை என்று 2004இல் வெளியிட்டனர். இரண்டும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றுவன. மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டில் தோன்றவில்லை. நோலசியோ ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கி வருகின்றது.

இக்காலத்துக் கெடாவில் இக்கலை தொழிலாகவும் வளர்ந்துள்ளது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் மின்னணுச் சில்லுகளை உருவாக்கும் ஆலைகள் இயங்குகின்றன. இத்தொழிலில் நுண்ணோக்கிக் காமிராக்கள் சிலிக்கன் தகட்டின் குறைகளைத் தேடும் காவலர் போன்றவை. சில்லின் கோடுகள் நெருங்கி, ஒரே சீராக அமைந்தவை; உணரியின் புள்ளிகளும் அவ்வாறே வரிசையாக அமைந்தவை. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தால் எதிலும் இல்லாத அலைப்பட்டைகள் தோன்றுமன்றோ? அதுபோன்ற பட்டைகள் படத்திலும் தோன்றும். காமிராவைச் சிறிது திருப்பினால் மெய்க்கோடுகள் திரும்பியதோடு நிற்கும். பொய்ப்பட்டைகளோ தம் அகலமும் சாய்வும் மாறிவிடும். தோட்டப் பள்ளியில் காமிராவைத் திருப்பிப் பார்க்கக் கற்ற பிள்ளைக்கு அவ்வாலையின் சோதனை புதிதாக இராது.

பேணும் முறை

நம் நாட்டு ஈரக்காற்று வில்லைக்குப் பகை. பெட்டியில் பூட்டி வைத்த வில்லையில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். துணியுறைக்குள் பூட்டி வைப்பதைவிட, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடிய பெட்டியில் வைப்பதும், அம்மணிகள் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்துவதும் நலம். வில்லையைச் சட்டைத் துணியால் துடைத்தல் கூடாது. முதலில் காற்றுப் பந்தால் தூசியை ஊதிவிட்டு, வில்லைக்குரிய மெல்லிய தாளால் நடுவிலிருந்து ஓரமாகத் துடைக்க வேண்டும். காமிராவைக் குழாயிலிருந்து எடுத்தவுடன் இரு வாய்களையும் மூடிவிட வேண்டும். ரப்பர்ப் பால் உலர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் தகட்டை உடனே கழுவுதலும், பால் வில்லையில் படாமல் காத்தலும் இன்றியமையாதவை. பால் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. அத்தகைய பிள்ளைகள் அதனைத் தொடாமல் ஆசிரியரே கையாளுதல் நன்று.

ஆசிரியர் செய்யத்தக்கது

நுண்ணுயிரியின் உடலில் “மீசோசோம்” என்னும் மடிப்பு ஒன்று உண்டு என்று 1950களில் மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் காட்டின. அது பாடநூல்களில் இடம்பெற்றது. மாணவர் வரைந்து பெயர் குறித்தனர். பின்னர் இரசாயனப் பொருளின்றி விரைந்து உறையவைத்துப் பார்த்தபோது அம்மடிப்பு தோன்றவில்லை. பழைய முறையில் சேர்த்த இரசாயனப் பொருளே அதனை உண்டாக்கிற்று என்பது 1980களில் பெரும்பாலும் தெளிவாயிற்று. அச்சேறிய பொய்யுரு பல தலைமுறை மாணவர்க்குப் பாடமாகிவிட்டது. மாணவனின் குறிப்பேட்டில் உள்ள பொய்யுருவை அழிப்பான் கொண்டு நீக்கலாம். பாடநூலில் ஏறியதை நீக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆதலின் ரப்பர்ப் பாலின் படத்தை வரையும் மாணவன், படத்தின் அருகே மூன்று பத்திகளை எழுதுதல் நலம். கண்டது என்ன, எதை அசைத்துப் பார்த்தேன், அதனால் அறிந்தது என்ன. “வட்டக் கறை, காமிராவைத் திருப்பினேன், கறை திரும்பவில்லை, ஆகவே காமிராவின் தூசி” என்று எழுதிய மாணவன், நீண்ட விளக்கம் எழுதியவனைவிட மிகுதியாகக் கற்றவன் ஆவான். அறிவியல் விழாக்களுக்குப் படம் அனுப்பும் பள்ளிகளும், எத்தனை மடங்கு பெருக்கம், எவ்வகை விளக்கு, எவ்வளவு ஒளிபெறும் நேரம் என்பவற்றைப் படத்தின் கீழே குறித்தல் வேண்டும். மென்பொருளால் கறையை அழித்துப் படத்தை அழகுபடுத்துவதைவிட, கறையை விட்டுவைத்து அஃது இன்ன இடத்துத் தூசி என்று எழுதுவது நேர்மையும் பயனும் உடையது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. திரையில் கறை ஒன்று தோன்றும்பொழுது, “அது தூசிதான், விட்டுவிடு” என்று ஆசிரியர் தாமே சொல்லிவிடுதல் எளிது. சொல்லாமல், காமிராவை மாணவன் கையில் கொடுத்துத் திருப்பச் செய்தால், அவ்விசாரணையை அவனே நடத்துவான். கறை திரும்பிற்றா, திரும்பவில்லையா என்பதை வகுப்பு முழுவதும் காணும்.